பூசாரி கையில் அரிவாள் இருக்கலாமா?

கோலாலம்பூர் குழுவின் ஆட்ட மேசையில் இப்போது ஒரு பூசாரி வருகிறாராம். கள் குடித்துவிட்டுத் தள்ளாடுவாராம். சாமி வந்துவிட்டது என்று சொல்லிக் கோழி கேட்பாராம். அவர் வாயைத் திறந்தாலே எல்லோரும் சிரிக்கிறார்களாம். இந்தச் செய்தியை எனக்குச் சொன்னவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "உங்க கோல சிலாங்கூர் ஐடியாதான் சிஸ்டர், நல்லா எடுபடுது" என்று ஒரு பாராட்டையும் சேர்த்துக்கொண்டார்.

அந்தப் பாராட்டை நான் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதை உங்கள் இருவருக்கும் எழுதி வைத்துவிட்டுப் போவது என் கடமை என்று நினைக்கிறேன். வரும் ஞாயிறு முதல் நடுவர் நாற்காலி உங்களுடையது. பல்கலைக்கழகத்தில் எனக்கு இறுதியாண்டு. இனி வாரந்தோறும் பஸ் ஏறி ஊருக்கு வர முடியாது. ஓய்வு பெறுகிறேன் என்று சொன்னால் என் வயதுக்கு அது பொருந்தாது. ஆனால் விலகுகிறவர் விட்டுச்செல்ல வேண்டியவை எந்த வயதிலும் ஒன்றுதான். பகடை உருட்டும் முறை, காயம்பட்டால் கழிக்க வேண்டிய எண், குகையின் வரைபடம் இவையெல்லாம் விதிப்புத்தகத்தில் இருக்கின்றன. அதில் இல்லாததை மட்டும் சொல்கிறேன்.

ஆட்டத்தை நீங்கள் அறிவீர்கள். இருந்தாலும் இதை வேறு யாராவது படிக்க நேர்ந்தால் குழம்பக் கூடாது. ஒரு மேசை, சில பகடைகள், ஆளுக்கொரு காகிதம். நடுவர் ஒரு கற்பனை உலகத்தை வாயால் விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அந்த உலகத்தில் தாம் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். அது கைகூடுமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். பாத்திரங்களைப் புத்தகம் வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. போர்வீரர், மந்திரவாதி, திருடர், குரு என்பவை முதன்மையானவை. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு திறமையும் ஒரு தடையும் உண்டு. உடையையும் புத்தகமே தைத்துக் கொடுத்துவிடுகிறது: இரும்புக் கவசம், கூம்புத் தொப்பி, கல்லால் கட்டிய தேவாலயம், பனி.

கோல சிலாங்கூரில் பனி எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கற்பனைக்குப் பனியும் வேண்டும். என் கோபம் வேறொன்றின் மீது. அந்த உடை மட்டுமே உண்மையான உடை, நாம் உடுத்திக்கொள்வது மாறுவேடம் என்று நம்மவர்களே பேசுகிறார்களே, அதன் மீது.

இந்த ஆட்டத்தை எனக்குக் காட்டியவள் விடுதியில் என் அறையில் தங்கியிருந்த ஒரு தோழி. பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வாள். நம்மிடம் இருப்பது அவள் புத்தகத்தின் நகல்தான். நகலைக் கையில் கொடுத்தபோது ஒரே ஒரு யோசனை சொன்னாள். "நம்பர்ல கைய வைக்காத. டிரஸ்ஸ மட்டும் மாத்து. நம்பர மாத்துனா பக்கத்துல ஆடுறவனுக்கு நட்டம். டிரஸ்ஸ மாத்துனா யாருக்கு நட்டம், சொல்லு?"

அன்று நான் யாருக்குமில்லை என்றேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். உடையை மாற்றினாலும் ஒருவருக்கு நட்டம் உண்டு. அந்த உடைக்குத் தாமே காவலர் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தவருக்கு அது நட்டம்தான்.

பஸ் நிலையத்துக்கு எதிரில், மளிகைக் கடையின் மாடியறையில் தொடங்கினோம். ஆட வந்தவர்கள் மூவர். பாசிர் பெனம்பாங்கில் மீன் ஏற்றும் லோரியில் வேலை செய்யும் சேகர். இரும்புக் கடை அந்தோணி. புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கும் கூட்டத்தில் வேலை பார்க்கும் சரோஜா. வயதில் எல்லோரும் ஏறக்குறைய என் பருவத்தினர். என்றாலும் சேகர் என்னை 'டீச்சர்' என்றுதான் அழைப்பார். அதில் மரியாதை பாதி, கிண்டல் பாதி.

முதல் ஞாயிறே சிக்கல் வந்தது. பகடை கொடுத்த எண்களின்படி சேகரின் பாத்திரத்துக்குச் சுறுசுறுப்பு மிகுதி. ஆகவே திருடர் வகுப்பு பொருந்தும் என்றேன். அவர் காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"வேற யாருக்காவது குடுங்க டீச்சர். தோட்டத்துல பொறந்ததுலேருந்து கேட்டுல நின்னு பைய தொறந்து காட்டிக்கிட்டே இருக்கேன். செம்பனை உதிரிப் பழம் ஒண்ணு காணாமப் போனா மொதல்ல லயத்துப் பிள்ளைங்க பையைத்தான் காவலுக்கு நிக்கிற ஜாகா கொட்டிப் பார்ப்பான். ஞாயித்துக்கிழமையும் இங்க வந்து திருடனா ஒக்காரணுமா?"

"சும்மா வெளையாட்டுக்குத்தானே லா," என்றார் அந்தோணி.

"வெளையாட்டுன்னா நீ எடு."

அந்தோணி எடுக்கவில்லை. 'சும்மா விளையாட்டு' என்பது எப்போதும் மற்றவர் சுமக்க வேண்டியதைப் பற்றி மட்டுமே சொல்லப்படுகிறது. உங்கள் மேசையில் யாராவது அப்படிச் சொன்னால், சொன்னவரிடமே அந்தப் பாத்திரத்தை நீட்டுங்கள்.

நான் பெயரை விட்டுவிட்டுத் திறமைகளை மட்டும் படித்துக் காட்டினேன். பூட்டுகளைத் திறப்பது. ஓசையின்றி நடப்பது. கதவில் காதை வைத்துக் கேட்பது. பிறர் ஒளித்து வைத்ததைக் கண்டெடுப்பது. பின்னாலிருந்து வந்து அடிப்பது. கேட்கக் கேட்க சேகரின் முகம் மாறிற்று.

"நிறுத்துங்க டீச்சர். இதெல்லாம் செய்றது யாரு? அந்த ஜாகாவேதான்! சத்தமில்லாம வருவான், டார்ச் லைட்டால பின்னால இருந்து போடுவான். நான் ஜாகா. எழுதிக்குங்க. எல்லாம் இனிமே என்கிட்ட பைய காட்டிட்டுத்தான் போகணும்."

அப்படித்தான் திருடர் வகுப்பு நம் மேசையில் காவல்காரர் ஆயிற்று. ஓர் எண்ணும் மாறவில்லை.

அந்தோணிக்கு மந்திரவாதி. அவருடைய தாயார் ஜெபக்கூட்டத்துக்குத் தவறாமல் போகிறவர். மகன் மந்திரம் ஓதுகிறான் என்று தெரிந்தால் பகடையை ஆற்றில் எறிந்துவிடுவார். ஆகவே அந்தோணி தம் பாத்திரத்தைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் ஆக்கிக்கொண்டார். புத்தகத்து மந்திரவாதிக்கு உடல் வலுவில்லை, டிரசருக்கும் இல்லை. மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம்தான். டிரசர் பையிலும் இத்தனை புட்டிதான். தூங்க வைக்கும் மந்திரம் ஒரு புட்டி, ஒளி தரும் மந்திரம் இன்னொரு புட்டி.

குகை வாயிலில் சேகர் தம் முதல் கடமையைச் செய்தார்.

"ஏய் டிரசர், நில்லு. பையில என்ன?"

"மருந்து லா."

"எல்லாம் ஒரே செவப்புத் தண்ணியா இருக்கு. காய்ச்சலுக்கும் இதுதான், பாம்பு கடிச்சாலும் இதுதான். தொற, மோந்து பாக்குறேன்."

சரோஜா சிரித்த சிரிப்பில் சன்னலில் உட்கார்ந்திருந்த குரங்கு மலைப்பக்கம் ஓடிவிட்டது.

இந்த இரண்டையும் நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இவற்றை யாரும் எதிர்க்கவில்லை. பிறகு கோலாலம்பூரிலிருந்து வந்த விருந்தினரும் காவல்காரரையும் டிரசரையும் 'கியூட்' என்று ரசித்தார். சிரிப்பு வருகிற வரையில் நம் உடை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. சிரிப்பு நிற்கும் இடத்தில்தான் விதிப்புத்தகத்தைத் திறக்கிறார்கள்.

சரோஜா, புத்தகத்தில் கிளரிக் என்றிருக்கும் குரு வகுப்பைத் தேர்ந்தெடுத்தார். அதைப் பூசாரி ஆக்கலாமா என்று கேட்டார். தோட்டத்து முனியாண்டி கோயிலில் அவருடைய தந்தையார்தான் பூசாரி. குரு வகுப்புக்குப் புத்தகத்தில் ஒரு தடை இருக்கிறது: கூர்முனையோ வெட்டுவாயோ உள்ள ஆயுதத்தைத் தொடக் கூடாது, தடியோ கதாயுதமோதான் ஏந்தலாம். படித்துச் சொன்னதும் சரோஜா என்னைப் புரியாமல் பார்த்தார்.

"அருவா இல்லாம பூசாரியா? அது எப்படிக்கா? சாமியே அருவா மேலதான் நிக்குது."

"வீட்டில் அரிவாளை நீங்கள் எடுப்பதுண்டா?" என்று கேட்டேன்.

"ஐயோ, நான் கிட்டவே போகக் கூடாது. எனக்குப் பித்தள சாமான் கழுவுறது, வாசல் கூட்டுறது. எலுமிச்சம்பழம் தேச்சு அருவாவ தொடைக்கிறது தம்பி. அப்பாவுக்குப் பிறகு அவன்தான் பூசாரி. அவனுக்கு எங்க சாமி வரும்? பந்துதான் வரும்." சிரித்தார். பிறகு காகிதத்தின் ஓரத்தை மடித்தபடி சொன்னார். "போன திருவிழால உடுக்க அடிச்சப்போ எனக்கு ஒடம்பெல்லாம் அப்படி ஆடிச்சுக்கா. தம்பிக்கு வந்திருந்தா சாமின்னு சொல்லி மாலை போட்டிருப்பாங்க. எனக்கு வந்ததால பேயின்னு சொல்லி வேப்பெலையால அடிச்சாங்க."

ஒரே உடல், ஒரே உடுக்கை, ஒரே ஆட்டம். ஆணுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு ஒரு பெயர். வகுப்புக்கு வேறு உடை தருவது பற்றிப் பிற்பாடு எனக்குப் பாடம் எடுத்தவர்கள் யாரும் இந்த வாக்கியத்தைக் கேட்டதில்லை. நான் கேட்டிருக்கிறேன்.

சரோஜா அரிவாள் ஏந்தலாம் என்று அன்றே தீர்ப்புச் சொன்னேன். கதாயுதத்துக்குப் புத்தகம் ஆறு பக்கப் பகடையைத் தருகிறது. அரிவாளுக்கும் அதே பகடை. கதாயுதம் எவ்வளவு காயப்படுத்துமோ அரிவாளும் அவ்வளவே. அடுத்த வாரம் அந்தோணி கடையிலிருந்து ஒரு தகரத் துண்டை விரலளவு அரிவாளாக வெட்டி வந்தார். சரோஜா குங்குமத்தை எண்ணெயில் குழைத்து அதில் பொட்டு வைத்தார். அன்று முதல் அது அவருடைய காகிதத்தின் மீதே இருக்கும். ஓராண்டுக்கு மேலாக அந்தப் பூசாரியை அவர் வளர்த்தார். பலமுறை சாகப்போன காவல்காரரை எழுப்பி உட்கார வைத்தவர் அந்தப் பூசாரிதான். வாரத்தில் ஆறு நாளும் முதுகில் தோம்பு என்னும் மருந்துக் கலனைச் சுமந்தவர், ஏழாம் நாள் பஸ்ஸில் நின்றபடி வந்து, அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

இப்போது விருந்தினரைப் பற்றி. கோலாலம்பூரில் ஆடும் ஒரு குழுவின் நடுவர் அவர். பள்ளி விடுமுறையில் அவர்கள் நடத்தும் பெரிய ஆட்டத்துக்கு நம்மையும் அழைக்கலாமா என்று பார்த்துப் போக வந்தார். பெயர் வேண்டாம். நல்ல பண்புள்ளவர், மாடி ஏறியதும் செருப்பைக் கழற்றினார், சேகர் கொண்டு வந்த வறுத்த நெத்திலியைப் புகழ்ந்தார். அன்றைய ஆட்டத்தை அவரே நடத்தட்டும் என்று நாற்காலியை அவருக்குக் கொடுத்தேன். காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ரசித்துக்கொண்டே வந்தவர், சரோஜாவின் காகிதத்தில் நின்றார்.

"இது என்ன, சிஸ்டர்? கிளரிக் கையில பிளேடா? ரூல்ல கிடையாதே."

"பகடை கதாயுதத்துக்கு உள்ளதுதான், அண்ணன். மாறவில்லை," என்றேன்.

"பகடை ஓகே. ஆனா இப்ப அருவாங்கறீங்க. நாளைக்குப் புதையல்ல ஒரு மேஜிக் வாள் கெடச்சா? அதுவும் பிளேடுதானேன்னு எடுத்துக்குவாங்க. அப்புறம் போர்வீரனுக்கு என்ன மிச்சம்?"

அவருடைய கேள்வி நியாயமானது. எதிரில் இருப்பவர் மீது எவ்வளவு சினம் இருந்தாலும் அவர் சொல்வதில் சரியான பகுதியைச் சரி என்று ஒப்புக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தவறான பகுதியைத் தவறு என்று சொல்லும் தகுதி நமக்கு இராது. வகுப்பின் தடை என்பது மற்ற வகுப்புகளுக்கான பாதுகாப்பு. அதை நான் தளர்த்தவில்லை என்று விளக்க வாயெடுத்தேன். அதற்குள் சரோஜாவே பேசினார்.

"வேற வாள நான் எதுக்கு அண்ணே எடுக்கப் போறேன்? இது எங்க சாமி வாசல்ல பூச போட்டுக் குடுத்த அருவா. கண்டவன் வாள எடுத்தா சாமி எப்படி என்கிட்ட நிக்கும்?"

புத்தகத்தின் தடை ஒரு வரி. சரோஜா சொன்னது அதே தடைக்கு ஒரு காரணம். உடை மாற்றுவது என்று நான் சொல்வது இதைத்தான். விதி அப்படியே இருக்க வேண்டும். அதைக் கடைப்பிடிக்கிறவர், புத்தகம் சொல்வதால் அன்றி, தம் பாத்திரம் சொல்வதால் கடைப்பிடிக்க வேண்டும்.

விருந்தினர் சிரித்தார். "இப்ப அப்படித்தான் சொல்வீங்க. சாவு வந்தா எல்லாரும் எடுப்பாங்க தங்கச்சி. பேசாம ஒரு கதாயுதத்த வச்சுக்குங்க. இல்லன்னா இந்தக் கேரக்டர அங்க கொண்டு வர முடியாது. பூசாரி, அருவா எல்லாம் கொஞ்சம்..." வாக்கியத்தை முடிக்கவில்லை. கையை மட்டும் அசைத்தார். அந்தக் கையசைப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பனியும் கல் தேவாலயமும் இருக்கலாம். முனியாண்டி வாசல் மட்டும் 'கொஞ்சம்' எப்படியோ இருக்கிறது. அதைச் சொன்னவரின் தாத்தாவும் ஏதோ ஒரு தோட்டத்து லயத்தில்தான் பிறந்திருப்பார்.

சரோஜா தகர அரிவாளை விரலால் மூடிக்கொண்டார். கொடுக்கவில்லை.

"சரி, ஆடிப் பாத்துடுவோம்," என்றார் விருந்தினர்.

அவர் ஆட்டத்தை நன்றாக நடத்தினார். அதை மறைக்க மாட்டேன். மலைக்கடியில் ஒரு சுரங்கம். அதன் முடிவில் கல்லாலான ஓர் அரக்கன். சாதாரண ஆயுதம் அவன் மேல் பட்டால் தெறித்து விழும். முதல் அடியிலேயே சேகரின் காவல்காரர் நினைவிழந்து விழுந்தார். டிரசரின் புட்டிகள் தீர்ந்துவிட்டன. பூசாரிக்கும் காயத்தை ஆற்றும் வேண்டுதல் எதுவும் அன்றைக்கு மிச்சமில்லை. முன்னே நின்று அடிபட நம் மேசையில் போர்வீரர் எவரும் இல்லை. ஒருவரும் அந்த வகுப்பைக் கேட்டதில்லை.

அப்போது விருந்தினர் குரலைத் தாழ்த்தினார். "உங்க வலப்பக்கம், ஒரு ராஜாவோட சமாதி. அதுமேல ஒரு வாள். நீலமா எரிஞ்சுக்கிட்டு இருக்கு. இந்த அரக்கன வெட்டக்கூடியது அது ஒண்ணுதான்."

டிரசரால் வாளைத் தூக்க முடியாது. மந்திரவாதி வகுப்பின் தடை அது. கை எட்டும் தூரத்தில் நின்றவர் பூசாரி மட்டுமே. அது தற்செயலாக அமையவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

"எடு தாயே! நான் கீழ கெடக்குறேன்," என்றார் சேகர்.

"எடுங்க சரோஜா, அஞ்சு மணி பஸ்ஸு வேற வந்துரும்," என்றார் அந்தோணி.

விருந்தினர் பெருந்தன்மையோடு சாய்ந்து உட்கார்ந்தார். "எடுங்க தங்கச்சி. நான் அலோ பண்றேன். இந்த ஒரு தடவ. உங்க சாமி கோவிச்சுக்காது."

இவ்வளவு நேரம் இல்லாத கோபம் எனக்கு அப்போதுதான் வந்தது. அரிவாளைத் தொடாதே என்று விதியின் பெயரால் தடுத்தவர், அதே விதியை இப்போது தானமாகத் தளர்த்துகிறார். எடுத்தால், 'நான் அப்பவே சொன்னேனே' என்பார். எடுக்காவிட்டால், முட்டாள்தனம் என்பார். போகிற போக்கில் முனியாண்டிக்காகவும் அவரே பேசிவிட்டார்.

எழுந்து ஆட்டத்தை நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. நிறுத்தினால் சரோஜாவைக் காப்பாற்றியவளாக நான் இருந்திருப்பேன். சரோஜா எதையும் முடிவு செய்யாதவராக இருந்திருப்பார். நிறுத்தவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்.

"அண்ணன், எடுத்தால் என்ன ஆகும், எடுக்காவிட்டால் என்ன ஆகும், இரண்டையும் இப்போதே அவருக்குச் சொல்லுங்கள். பிறகு பகடையை எல்லோரும் பார்க்க மேசை நடுவில் உருட்டுங்கள்."

அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் சொன்னார். எடுத்தால் அரக்கனை வெல்ல நல்ல வாய்ப்பு உண்டு. எடுக்காமல் எதிரில் நின்றால், அவன் அடிக்கும் அடியில் பூசாரி பெரும்பாலும் சாவார். செத்தால் எழுப்ப ஆள் இல்லை. அந்தக் காகிதம் அத்தோடு முடிந்தது.

சரோஜா நெடுநேரம் யோசிக்கவில்லை.

"அரக்கனுக்கும் சேகரண்ணனுக்கும் நடுவுல நான் போய் நிக்கிறேன். அந்தோணி, நீங்க அவர இழுத்துக்கிட்டு வெளிய ஓடுங்க. எவ்வளவு நேரம் நான் நிக்கணும்?"

"ஒரு சுற்று," என்றேன்.

"வாளு?" என்றார் விருந்தினர்.

"அது அந்த ராஜா வாசல்ல இருக்குது. அங்கேயே இருக்கட்டும் அண்ணே. எடுத்தா நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

"சாகப் போறீங்க!"

"பூசாரின்னா அப்புறம் எதுக்கு?"

பகடை மேசை நடுவில் உருண்டது. எல்லோரும் குனிந்து பார்த்தோம். டிரசர் காவல்காரரை வெளியே இழுத்துப் போட்டார், இருவரும் பிழைத்தார்கள். பூசாரி பிழைக்கவில்லை.

சேகர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "பாவி மக, எனக்காகச் செத்துட்டா," என்றார். அதில் விளையாட்டு கொஞ்சமும் இல்லை.

விருந்தினர் உண்மையாகவே வருந்தினார் என்று நினைக்கிறேன். காகிதத்தைத் தம் பக்கம் இழுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டார். "பரவாயில்ல தங்கச்சி. புதுசா ஒண்ணு பண்ணிக்கலாம். இந்தத் தடவ ரூல் பிரகாரம். எது வேணும், சொல்லுங்க."

சரோஜா கோடு போட்ட காகிதத்தைப் பார்க்கவில்லை. தகர அரிவாளை உள்ளங்கையில் வைத்தபடி என்னிடம் கேட்டார்.

"அக்கா, பூசாரி செத்துட்டா அருவா அடுத்து யாருக்குப் போகும்?"

கேட்டவர் யார் என்பதை மறந்துவிடாதீர்கள். வீட்டில் அந்தக் கேள்விக்கு விடை எப்போதோ முடிவாகிவிட்டது. பித்தளைப் பாத்திரம் கழுவுகிறவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

"பூசாரி யாருக்குக் கொடுத்துவிட்டுப் போனாரோ அவருக்கு," என்றேன்.

"அப்படின்னா என் மகளுக்கு," என்றார் சரோஜா. "பூசாரிக்கு ஒரு மக இருக்கா. சின்னப் பொண்ணுதான். அவளுக்குத்தான் சாமி வரும்."

விருந்தினர் புத்தகத்தைப் புரட்டினார். "வகுப்ப வாரிசுக்குக் குடுக்கிறது எல்லாம் இதுல கிடையாது, சிஸ்டர்."

"புதிய பாத்திரம், முதல் நிலை, குரு வகுப்பு, ஆறு பக்கப் பகடை," என்றேன். "இதில் விதி எதையும் தொடவில்லை. அவர் யாருடைய மகள் என்று கேட்கும் உரிமை புத்தகத்துக்கு இல்லை."

என் குரல் நடுங்கிற்று. அது பரவாயில்லை. குரல் நடுங்கினாலும் தீர்ப்புச் சொல்லலாம்.

அவர் புத்தகத்தை மூடினார். பிறகு காவல்காரரும் டிரசரும் விடுமுறை ஆட்டத்துக்குத் தாராளமாக வரலாம், பூசாரியைப் பற்றி மட்டும் தங்கள் குழுவில் பேசிச் சொல்வதாகக் கூறினார்.

சேகர் நெத்திலிப் பொட்டலத்தை மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "பூசாரி இல்லாத எடத்துல ஜாகா என்னத்த அண்ணே காக்குறது? நீங்க போய்ட்டு வாங்க."

அந்தோணி தம் காகிதத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதுவே அவருடைய பதில். சரோஜா ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். புதிய காகிதத்தில் பெயர் எழுத நேரம் இல்லை. அரிவாளை அதன் மீது வைத்துவிட்டுப் போனார்.

விடுமுறை ஆட்டத்துக்கு நம்மில் யாரும் போகவில்லை. பூசாரியைப் பற்றிய பதிலும் வரவில்லை. இப்போது என்ன வந்திருக்கிறது என்பதைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்: கள் குடித்துவிட்டு ஆடும் பூசாரி. நம் மேசையில் ஒரு பெண் தன் தோழருக்காக நின்று செத்த வகுப்பை, அங்கே கோழி கேட்கும் கோமாளியாக எடுத்திருக்கிறார்கள். அவருடைய கையில் அரிவாள்கூட இருக்கிறதாம். சிரிப்புக்காக என்றால் விதிப்புத்தகம் வழிவிடுகிறது. எந்த வகுப்புக்கு எந்த உடையையும் தருவதற்கு முன், அந்த உடையை வாரத்தின் மற்ற ஆறு நாளும் உடுத்தியிருப்பவர் எதிரில் உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அவரும் சேர்ந்து சிரிப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சேகர் தம் காவல்காரரைப் பார்த்துச் சிரித்தார். அந்தக் கோமாளியைப் பார்த்துச் சரோஜா சிரிப்பார் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

ஞாயிறன்று மாடி ஏறும்போது நெத்திலி வாசம் வந்தால் சேகர் முன்பே வந்துவிட்டார் என்று அறிந்துகொள்ளுங்கள். உங்கள் பையைத் திறந்து காட்டச் சொல்வார், காட்டிவிடுங்கள். சரோஜா இன்னும் முதல் நிலையில்தான் இருக்கிறார். பூசாரியின் மகள் வலுவற்றவள். ஓர் அடிக்குத் தாங்க மாட்டாள். அதற்காக இரங்கிப் பகடையை மறைத்து உருட்டாதீர்கள். அவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். அரக்கனை அனுப்புங்கள், எரியும் வாளைக் காட்டுங்கள், மீண்டும் சாகும் நிலைக்கே கொண்டு செல்லுங்கள். அதற்கெல்லாம் உங்களுக்கு உரிமை உண்டு.

அரிவாள் மட்டும் அவருடைய காகிதத்தின் மேலேயே இருக்கட்டும். மேசையைத் துடைக்கும்போதுகூட நீங்கள் அதை எடுக்க வேண்டாம். அவரிடம் சொல்லுங்கள், அவரே எடுப்பார்.